இன்னும் நூறு கிலோ

தரமணியில் எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்துக்கு வண்டி இறங்கும் இடத்தில், மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட ஓர் இரும்புக் குழாய் சங்கிலியில் தொங்குகிறது. அதைவிட உயரமான வண்டி உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். என் கார் சின்னக் கார். அதன் தலைமேல் இன்னொரு காரை வைத்தாலும் இடிக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் அந்த இடம் வந்ததும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்து வரும் தோழி ஒருநாள் கழுத்து வலியா என்று கேட்டாள். இல்லை, பரம்பரை வியாதி என்றேன். அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

வியாதி வந்த கதை இது.

மயிலாப்பூரில் குளத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் எங்கள் சந்து. வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. இடது பாதியில் பெரியப்பா குடும்பம், வலது பாதியில் அப்பா, அம்மா, நான். முன்னால் இருந்த வெளியும் அடிகுழாயும் வாசல் கேட்டும் பொது. என் ஒன்பதாவது வயதில் அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாமல் ஆறு வருடம் ஆகியிருந்தது. சண்டைக்குக் காரணம் கேட்டுக்கு மேலே நின்றது. தாத்தா செத்துப்போனதும் பெரியப்பா ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து வாசலில் ஒரு வளைவு கட்டினார். அதில் தாத்தாவின் பெயரையும், பெயருக்குக் கீழே 'டிரைவர்' என்ற வார்த்தையையும் சிமெண்டில் எழுத வைத்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இருந்த காலத்தில் அவரை நாம் வண்டியில் வைத்து எங்கே கூட்டிப்போனோம், செத்தப்புறம் பெயர் எழுதினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

மேலே மின்சாரக் கம்பி போனதால் கொத்தனார் வளைவைத் தாழ்வாகவே கட்டியிருந்தார். கொஞ்சம் உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். குறை சொன்னவர்களிடம் பெரியப்பா, "எங்கப்பா பேருக்குத் தலை குனிஞ்சா ஒண்ணும் கொறைஞ்சிடாது" என்பார்.

பேச்சு நின்றுவிட்டதே தவிர, ஒரே கேட்டும் ஒரே குழாயும் வைத்துக்கொண்டு இரண்டு பேர் எத்தனை நாள் ஊமையாக இருக்க முடியும்? அதற்குத்தான் நான். "உங்கப்பாகிட்ட சொல்லு, கேட்டுக்கு நடுவுல சைக்கிள நிறுத்த வேணாம்னு." "உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, கரண்டு பில்லு வந்துகீதுன்னு." இவரும் அங்கே இருப்பார், அவரும் அங்கே இருப்பார், நடுவில் நான்கு அடி தூரம் இருக்கும். நான் நடந்துபோய்ச் சொல்லவேண்டும். சும்மா சொல்லவும் மாட்டேன். அப்பாவின் திட்டுகளில் பாதியை வழியிலேயே போட்டுவிடுவேன். பெரியப்பாவின் குத்தல்களுக்கு 'தயவுசெய்து' சேர்த்துவிடுவேன். ஒரு செய்திக்கு ஒரு கடலை உருண்டை என்று பெரியப்பா கூலி வைத்திருந்தார். அப்பாவிடம் ஒன்றும் தேறாது, அவர் முதுகில் தட்டிக்கொடுப்பதோடு சரி. அந்த வீட்டிலேயே ரொம்ப முக்கியமான ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அப்பா அடையாறில் ஒரு வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஆட்டோ வாங்கிவிட வேண்டும் என்று அம்மா நாலைந்து வருடமாகச் சீட்டுப் போட்டு வந்தாள். ஐப்பசியில் சீட்டு கைக்கு வந்தது. ஆட்டோ பார்க்கப் போகிறேன் என்று காலையில் கிளம்பிய அப்பா, மதியம் ஒரு டெம்போவின் பின்னால் கயிறு கட்டி ஒரு பிக்கப்பை இழுத்துவந்தார். எந்த ஊரில், எந்தக் காலத்தில் செய்ததோ, வீங்கிய கன்னம் மாதிரி இரண்டு மட்கார்டு, ஒற்றை விளக்கு, இரண்டு பேர் உட்காரும் கேபின், பின்னால் பலகை அடித்த திறந்த தொட்டி. பலகையில் பாதி இல்லை. நான்கு டயரும் தரையோடு தரையாக அப்பியிருந்தன. அடையாறில் ஒரு பெரிய பங்களாவின் தூங்குமூஞ்சி மரத்தடியில் பல வருடம் கிடந்ததாம். முன்னால் இருந்த பெட்டியைத் திறந்தபோது ஒரு எலி இறங்கி, சாவகாசமாகப் பெரியப்பா பக்கம் போனது.

வளைவுக்குக் கீழே அது நுழைந்தபோது கேபினுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருந்தது. அப்பா கையை வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "ஆட்டோ வாங்கப் போன மனுஷன் மியூசியத்தக் கட்டி இழுத்துக்கினு வந்துகிறாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு உள்ளே போனாள். மூன்று நாள் ரசமும் அப்பளமும்தான். நாலாவது நாள் தீர்ப்பு வந்தது. "பங்குனில அறுபத்துமூவர் திருவிழா அன்னிக்குக் காலைல இது தெருவுல ஓடணும். ஓடலன்னா மறுநாளே காயலான் கடைக்காரன கூப்ட்ருவேன். வர்ற காசுல ஆட்டோவுக்கு முன்பணம் கட்டு." அப்பா சரி என்றார். சரி என்றதோடு நின்றாரா? அறுபத்துமூவர் அன்றைக்கு இந்த வண்டியில் ஐஸ் போட்ட மோர் கொண்டுவந்து மாடவீதியில் கொடுக்கப்போகிறேன் என்று சந்து முழுக்கச் சொல்லியும் வைத்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எங்கள் வம்சத்தின் இன்னொரு வியாதி.

ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருந்த தாஸ் அப்பாவின் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். முதல் நாள் வண்டியைச் சுற்றி வந்து, அடியில் படுத்துப் பார்த்து, எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். "இன்னாண்ணா, அடக்கம் பண்ண வேண்டியத ஆபரேசன் பண்ணச் சொல்றியே" என்றார். ஆனால் கைவேலைக்காரர். பெட்ரோல் டாங்கியைக் கழற்றி உள்ளே ஜல்லியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கினார். துருத்தண்ணி ரத்தம் மாதிரி ஓடியது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகிவிட்டன என்று எடுத்துப்போய், புதிதாக வளைத்துக்கொண்டு வந்தார். மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது அப்பா போய்க் கதவுப் பலகைகளை வாங்கிவந்து தொட்டிக்குப் போட்டார். ஒவ்வொரு ஞாயிறும் தாஸ் கிளம்பும்போது சொல்வது ஒன்றுதான். "அடுத்த வாரம் முட்சிரலாம்ணா."

எனக்கும் வேலை உண்டு. உப்புத்தாள் தேய்ப்பது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விரல் நுனி எரிய எரியத் தேய்ப்பேன். மேலே நீலம் இருந்தது. நீலத்துக்குக் கீழே சாம்பல். சாம்பலுக்குக் கீழே ஒரு பச்சை, பாசிப்பயறு நிறத்தில். இடது கதவில் அந்தப் பச்சைமேல் வெள்ளையாக ஓர் எழுத்தின் கால் தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார். "இந்தக் கதவ நான் பாத்துக்கறேன். நீ போயி சக்கரத்த தேய்." அப்புறம் பார்த்தால் அவர் தாளால் தேய்க்கவே இல்லை, ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு சுலபமான வேலையைத் தான் எடுத்துக்கொண்டார் என்று கோபம் வந்தது. தொட்டியின் பின் விளிம்பில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. தாஸ் அதைத் தட்டி நிமிர்த்த சுத்தியலை எடுத்தபோதும் அப்பா, "அது கெடக்கட்டும் விடுப்பா" என்றார். தாஸ் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

வர்ணம் சிவப்பாக இருக்கவேண்டும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். தீயணைப்பு வண்டி மாதிரி இருக்கும், வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். அப்பா அந்தப் பாசிப்பயறுப் பச்சையைத்தான் கலக்கி வாங்கிவந்து அடித்தார்.

மறுநாள் காலை பெரியப்பா வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தார். அவருக்கு ரேஷன் கடையில் எடை போடும் வேலை. இருபது வருடம் தராசோடு இருந்ததில் யாரைப் பார்த்தாலும் எடை சொல்லிவிடுவார். சந்தில் பிள்ளை பிறந்தால் முதலில் அவரிடம்தான் காட்டுவார்கள். வீட்டுக்கு வருபவரை வாங்க என்று சொல்வதற்கு முன்னால் "அறுபத்தேழு" என்பார், பெரியம்மா பின்னாலிருந்து கிள்ளுவாள். ஒரு நிமிடம் தாமதமாகக் கடைக்குப் போகாத மனிதர் அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உங்கப்பாகிட்ட கேளு, இந்தப் பச்சைய யாரு அடிக்கச் சொன்னதுன்னு."

நான் நான்கு அடி நடந்துபோய்க் கேட்டேன். அப்பா திரும்பாமலே, "யாராச்சும் சொல்லணுமான்னு கேளு" என்றார். அந்தப் பதிலில் சேர்க்கவும் ஒன்றும் இல்லை, எடுக்கவும் ஒன்றும் இல்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பா எனக்கு இரண்டு கடலை உருண்டை கொடுத்தார். கணக்கில் புலியான மனிதர் ஏமாந்துவிட்டார் என்ற சந்தோஷத்தோடு இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டேன்.

அறுபத்துமூவர் அன்று விடியற்காலையிலேயே தாஸ் வந்துவிட்டார். எட்டு மணிக்கு மேல் போலீஸ் தெருக்களை மறித்துவிடும், அதற்குள் வண்டி போய் ஐஸ் எடுத்துக்கொண்டு மாடவீதிக்குத் திரும்பிவிட வேண்டும். அம்மா சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டிமேல் கோபம் இருந்தாலும் எலுமிச்சம்பழத்தில் குறை வைக்க மாட்டாள். தாஸ் முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்ற, மூன்றாவது சுற்றில் இன்ஜின் உறுமியது. சந்தே கைதட்டியது. பூக்கார அக்கா ஒரு முழம் மல்லிகையைக் கண்ணாடியில் சுற்றினாள். அப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து வண்டியை நகர்த்தினார். பழம் நசுங்கியது. வண்டி கேட்டை நோக்கிப் போனது.

'டக்' என்று ஒரு சத்தம்.

கேபினின் நெற்றி வளைவில் முட்டிக்கொண்டு நின்றது. பச்சை வர்ணத்தில் ஒரு கீறல். தாஸ் ஓடிவந்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். உள்ளே வந்தபோது டயரில் காற்று இல்லை, ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. இப்போது டயர் புதிது, ஸ்பிரிங் புதிது. நோயாளி குணமாகி எழுந்து நின்றால் உயரமாகத்தானே இருப்பான்? ஐந்து மாதம் அதற்குக் கீழேயே நின்று வேலை செய்த இரண்டு பேருக்கும் வளைவை ஒருமுறை அளந்துபார்க்கத் தோன்றவில்லை.

தாஸ் டயரில் பாதிக் காற்றை இறக்கினார். இரண்டு விரல் இறங்கியது. இன்னும் ஒரு விரல் இடித்தது.

"அண்ணா, மேல ரெண்டு வரிசை செங்கல தட்டிட்டா வேலை முடிஞ்சிது" என்று தாஸ் சுத்தியலை நீட்டினார். கூட்டத்திலும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அப்பா சுத்தியலை வாங்கிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினார். பெரியப்பா தன் பக்கத்துப் படியில் பனியனோடு வந்து நின்றார். இன்றைக்கு என்னால் சமாளிக்க முடியாத செய்தி ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் இதை இனிப்பாக்க முடியாது.

அப்பா ஸ்டூல்மேல் நின்று அந்த சிமெண்ட் எழுத்துகளைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு நேரே 'டிரைவர்' என்ற வார்த்தை இருந்தது. அதில் ஒட்டியிருந்த தூசியைக் கட்டை விரலால் ஒருதரம் துடைத்தார். இறங்கினார். சுத்தியலை தாஸிடம் கொடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "காயலான் கடைக்காரனையே கூப்டு" என்றார்.

நான் அழுதுவிட்டேன். ஐந்து மாதம் தேய்த்த கை என்னுடையது. வழக்கமாக நான் அழுதால் ஒரு குட்டு வைக்கும் அம்மா, அன்றைக்கு வண்டியின் கதவில் கை வைத்து நின்றாள்.

அப்போதுதான் பெரியப்பா படியிலிருந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தொட்டியை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், ரேஷன் கடையில் மூட்டையை அழுத்திப் பார்ப்பதுபோல. "ஆள ஏத்தினா எறங்கும்" என்று பொதுவாகச் சொன்னார். அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் தாஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஏறுங்கப்பா எல்லாரும்!"

பெரியப்பா ஒவ்வொருவராக ஏற்றினார். இஸ்திரி போடுபவர் ஐம்பத்தெட்டு. பூக்கார அக்கா எழுபத்தொன்று, அவள் முறைத்தாள். கல்லூரியில் படிக்கும் எதிர்வீட்டு அண்ணன்கள் இரண்டு பேரும் சேர்த்து நூற்றுப் பத்து. "பின்னாடி ஒக்காந்தா முன்னாடி தூக்கிக்கும், கேபின ஒட்டி ஒக்காருங்க." என்னைத் தூக்கி வைத்து, "இருபத்திரண்டு" என்றார். அம்மாவைப் பார்த்து மட்டும் எண் சொல்லவில்லை, மரியாதைக்காக நகர்ந்து நின்றார். அம்மாவும் ஏறினாள். வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. வளைவுக்கும் கேபினுக்கும் நடுவில் காகிதம் நுழையும் அளவுக்கு வந்துவிட்டது. அப்படியும் உரசியது.

பெரியப்பா குனிந்து பார்த்தார். "உங்கப்பாகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தார். நான் தொட்டியில் அம்மாவுக்கும் பூக்கார அக்காவுக்கும் நடுவில் நசுங்கிக்கிடந்தேன், எழுந்து போக வழியில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவை நேராகப் பார்த்தார்.

"டேய், இன்னும் நூறு கிலோ வேணும்டா."

அந்தச் சந்தில் நூறு கிலோ இருந்த ஆள் ஒருவர்தான். அது அவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

அப்பாவும் அவரை நேராகப் பார்த்தார். "அப்ப ஏறேண்ணா" என்றார்.

பெரியப்பா ஏறினார். வண்டி பெருமூச்சு விட்டதுபோல் இறங்கியது. தாஸும் இன்னும் நாலு பேரும் பின்னாலிருந்து தள்ள, அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். "தல, தல" என்று யாரோ கத்தினார்கள். தொட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். என் தலைமேல் பெரியப்பாவின் கை வந்து அழுத்தியது. தாத்தாவின் பெயர் எங்கள் எல்லாருடைய முதுகுக்கு மேலும் ஊர்ந்துபோனது. நிமிர்ந்தபோது நாங்கள் தெருவில் இருந்தோம்.

மற்றவர்கள் இறங்கினார்கள். தாஸ் கால்பம்பை வைத்துக் காற்றடித்தார். இனி ஐஸ் வாங்கிவர வேண்டும். பெரியப்பா மட்டும் இறங்கவில்லை. தொட்டியின் பின்பக்கம் நடந்துபோய், அந்த நசுங்கின இடது மூலையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். அப்பா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சாவியை தாஸிடம் கொடுத்துவிட்டு, வந்து வலது மூலையில் உட்கார்ந்தார். சொந்த வண்டியின் முதல் ஓட்டத்தை யாராவது இன்னொருவர் கையில் கொடுப்பார்களா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"பெரியப்பா, முன்னாடி சீட்டு காலியா இருக்கே?"

"நான் எப்பவும் இந்த மூலதான்" என்றார்.

வண்டி வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, அவர் அதில் ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இதில் 'எப்பவும்' எங்கிருந்து வந்தது? பெரியவர்கள் இப்படிப் பொய் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

"ஐஸு எங்கடா எடுக்கற?"

"பட்டினப்பாக்கத்துல."

"அது மீனுக்குப் போடறது. மோருக்கு ஆவாது."

"நம்ம கம்பெனிதான் மூடிட்டாங்களே."

"தெரியும்டா" என்றார் பெரியப்பா.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் வளைவுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த பெரியப்பா, நான் கேட்காமலே சொன்னார். அது தாத்தா ஐஸ் கம்பெனிக்கு ஓட்டிய வண்டி, கதவில் நான் பார்த்த எழுத்து அந்தக் கம்பெனிப் பெயரின் மிச்சம். ஒவ்வொரு அறுபத்துமூவருக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கு அதில்தான் ஐஸ் கொண்டுவருவார். பையன்கள் இரண்டு பேரும் வழியெல்லாம் அடித்துக்கொள்வதால், ஒருவனை இந்த மூலையிலும் ஒருவனை அந்த மூலையிலும் உட்காரவைத்து, நடுவில் ஐஸ் கட்டியை வைத்துவிடுவாராம். மூலை நசுங்கியது தாத்தா பின்னால் எடுக்கும்போது ஒரு தூணில் இடித்ததில். பங்களாவில் மரத்தடியில் அப்பா அந்த நசுங்கலைப் பார்த்துத்தான் வண்டியை அடையாளம் கண்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பாவும் பச்சையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார், அவரும் சொல்லவில்லை. "அவன் வண்டிய வெச்சிக்கினு இருந்தான், நான் பேர வெச்சிக்கினு இருந்தேன். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷைச் சுண்ணாம்பில் தோய்த்தார்.

ஆனால் அந்தக் காலையில் ஐஸ் கட்டி இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்தப் பக்கம் பெரியப்பா, அந்தப் பக்கம் அப்பா, இரண்டு பேரும் என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் வாயைத் திறந்து தயாராக இருந்தேன். மீன் ஐஸ் வேண்டாமென்று ராயப்பேட்டை வரை போய்த் திரும்பும்வரை எனக்கு ஒரு வேலையும் வரவில்லை.

அன்று மாடவீதியில் ஊரே எங்கள் வண்டியைச் சுற்றி நின்று மோர் குடித்தது. நான் மட்டும் குடிக்கவில்லை, சக்கரத்தின் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். அம்மா டம்ளரோடு தேடிவந்து ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள்.

"யாருமே என்கிட்ட எதுவும் சொல்லி அனுப்ப மாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிட்டு, காலையில் அழுததைவிட அதிகமாக அழுதேன்.